திடீரென்று சொறியும் நாய்: மிருக வைத்தியரிடம் போகும்வரை என்ன செய்யலாம்?

நேற்றிரவு வரை சுகமாகத் திரிந்த நாய், விடியும்போது முதுகைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கும். சில வேளை முகம் வீங்கிக் கண் மூடியிருக்கும். சில வேளை காதை விடாமல் சொறிந்து இரத்தம் கசியும். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ நாய் வளர்க்கிறவர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மிருக வைத்தியர் கிட்ட இருப்பதில்லை. இரவாக இருக்கும், அல்லது போயா நாளாக இருக்கும். அலுவலகம் வெகு தூரத்தில் இருக்கும். நாயை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஓட்டோ பிடிக்கக் கையில் காசு வேண்டும்.

அந்தச் சில மணித்தியாலங்களில், சில வேளை ஒரு நாளில், என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. கிளிநொச்சிப் பக்கம் பல வருடங்களாக நாய்களோடு வாழ்கிறவன். எங்கள் நாய்களையும் அயலவர்களின் நாய்களையும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வந்ததில், வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தவையே இதில் பெரும்பகுதி.

மீள்குடியேறிய கிராமங்களில் நாய்க்கு ஒரு வேலை இருக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றில் இரவுக் காவல் அதுதான். வளவுக்குள் பாம்பு வந்தாலும் படலையில் அந்நியர் நின்றாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அப்படிப்பட்ட நாய் நோயில் விழுந்தால் வீடே நித்திரை கொள்ளாது. அந்தப் பதற்றத்தில் கைக்குக் கிடைத்த எண்ணெயையும் மருந்தையும் பூசி, சின்ன அரிப்பைப் பெரிய ஆபத்தாக்கி விடுகிற சம்பவங்கள் நிறைய உண்டு.

வைத்தியர்களிடம் இருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஆற்றுவது மட்டும். குணப்படுத்துவது வைத்தியரின் வேலை. ஆகவே அரிப்பைத் தணிக்க வேண்டும், நாய் தன்னைத் தானே காயப்படுத்துவதைத் தடுக்க வேண்டும், வைத்தியர் பார்க்க வேண்டிய அடையாளங்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

அரிப்பைக் கவனிப்பதற்கு முன்னர், இது உண்மையில் தோலோடு நிற்கிற பிரச்சினைதானா என்று பார்க்க வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் உடனே புறப்பட வேண்டும்.

– முகம், உதடு, கண்மடல் வீங்குவதோடு மூச்சு விடவும் கஷ்டப்படுதல், மூச்சில் சத்தம் வருதல்.

– உடம்பில் தடிப்புகள் எழும்பியதோடு திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல், வயிற்றோட்டம் போதல், தள்ளாடி விழுதல். நாய்களுக்குக் கடுமையான ஒவ்வாமை வரும்போது வயிறும் குடலும் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதுண்டு.

– முரசு வெளிறிப் போதல். சாதாரணமாக அது இளஞ்சிவப்பாக இருக்கும். முரசு கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ்க் கண்மடலைச் சற்று இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

– உடம்பு நடுங்குதல், வாயால் வீணி ஊற்றுதல், வலிப்பு. பூச்சிநாசினி பட்டிருந்தால் இப்படி வரலாம்.

– ஓர் இடம் மட்டும் வேகமாக வீங்கி, கடுமையாக நொந்து, பல் பட்ட அடையாளமோ இரத்தக் கசிவோ தெரிதல். புடையன், சுருட்டை போன்ற பாம்புகள் மோப்பம் பிடிக்கப் போகும் நாயை முகத்திலோ முன்காலிலோ கடிப்பது வழமை. வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுக் குளவி குத்தியது என்று முடிவெடுக்க வேண்டாம்.

குளவி, தேனீ குத்தியதால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முற்றும். முகம் மட்டும் வீங்கி, நாய் உசாராகவே இருந்தாலும், அந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். தடுப்பூசி போட்ட அன்றும் சில நாய்களுக்கு முகம் வீங்குவதுண்டு. அப்படி நடந்தால் வைத்தியருக்குச் சொல்லி, அடுத்த முறை அவருடைய ஆலோசனைப்படி போடுவிக்க வேண்டும். அதற்காக விசர்நாய்த் தடுப்பூசியையே நிறுத்திவிடக் கூடாது.

தொடுவதற்கு முன் ஒரு கேள்வி

விசர்நோய் எங்கள் நாட்டில் இன்னும் இருக்கிறது. விசர் பிடித்த நாய், தன்னை முன்பு கடித்த இடத்தையே வெறிகொண்டு நக்குவதும் கடிப்பதும் உண்டு. ஆகவே ஒரே இடத்தைக் குதறுகிற நாயிடம் வேறு மாற்றங்களும் இருக்கின்றனவா என்று தூர நின்று பாருங்கள். குரல் மாறியிருக்கிறதா? விழுங்க முடியாமல் வாய் தொங்குகிறதா? காரணமில்லாமல் சீறுகிறதா, அல்லது இருட்டுக்குள் ஒதுங்குகிறதா? தடுப்பூசி போடாத நாய், அண்மையில் வேறு நாயிடம் கடிபட்ட நாய் என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

அப்படிச் சந்தேகம் இருந்தால் தொட வேண்டாம். முடிந்தால் படலையைப் பூட்டி நாயை வளவுக்குள் தனியாக அடைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். நாய் கடித்தாலும், அதன் வீணி உங்கள் கையில் உள்ள காயத்தில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே தடுப்பு மருந்து இலவசம். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

இரண்டு நிமிடப் பரிசோதனை

நாய் உசாராக இருக்கிறது, விசர்நோய்ச் சந்தேகம் இல்லை என்றால் வெளிச்சமான இடத்தில் வைத்து முழு உடம்பையும் பாருங்கள். நோவில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். அகலமான துணிப்பட்டி ஒன்றை மூஞ்சியைச் சுற்றிப் போட்டு, நாடிக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். சில நிமிடங்களில் அவிழ்த்துவிட வேண்டும், ஏனென்றால் நாய் இளைத்துத்தான் தன் சூட்டைக் குறைக்கிறது. சத்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது.

எங்கே சொறிகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வால் தொடங்கும் இடமும் இடுப்பும் என்றால் முதலில் தெள்ளைச் சந்தேகியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் உரோமத்தை வாரிவிடுங்கள். விழுகிற கறுப்புத் துகள்கள் ஈரத்தில் செந்நிறமாகக் கரைந்தால் அவை தெள்ளின் எச்சம். காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் உரோமம் கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால் தொற்றுகிற சொறியாக இருக்கலாம். பாதமும் வயிறும் மட்டும் சிவந்திருந்தால் நிலத்தில் உள்ள ஏதோவொன்று பட்டிருக்கலாம். தலையை உதறி ஒரு காதை மட்டும் சொறிந்தால் பிரச்சினை காதுக்குள்ளே இருக்கலாம். காதுக்குள் எண்ணெயோ தண்ணீரோ விட வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே போய்க் கேடு செய்யும்.

உரோமம் ஈரமாக ஒட்டி, அதற்குக் கீழே சிவந்து நீர் வடிகிற புண் தெரிந்தால், அது சில மணித்தியாலங்களுக்குள்ளேயே பெருக்கக்கூடிய ஈரப்புண். ஒரு தெள்ளுக் கடியில் தொடங்கி, நாய் நக்கியும் கடித்தும் உள்ளங்கை அளவுக்குப் பரப்பிவிடும். மழைக்காலத்தில் அடர்ந்த உரோமம் உள்ள நாய்களுக்கு இது கூடுதலாக வரும்.

ஆற்றும் முறை

முதலில் நாயை நிழலுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். சூடு அரிப்பைக் கூட்டும். கட்டாமல் விட்டால் குளிர்ச்சி தேடிப் பற்றைக்குள் போய்ப் படுத்துவிடும். தேடி உள்ளே போகக் கூடாத பற்றைகள் எங்கள் பகுதிகளில் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். உடம்பெல்லாம் அரிப்பு என்றால் குளிர்ந்த நல்ல தண்ணீரை 10 முதல் 15 நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரின் இயல்பான குளிர்ச்சி போதும். ஐஸ் கட்டியை நேரே வைக்கக் கூடாது, சுடுதண்ணீர் கூடவே கூடாது. உங்கள் கிணறு உவர் என்றால் குடிக்க எடுக்கும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். சவர்க்காரம் தேவையில்லை. நாயின் மேற்தோல் எங்கள் தோலை விட மெல்லியது. நாங்கள் குளிக்கிற சவர்க்காரமும் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் அதை இன்னும் வறட்டி அரிப்பைக் கூட்டும்.

வீட்டில் ஓட்ஸ் இருந்தால் ஒரு கைபிடி எடுத்து மாவாக அரைத்து, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, தோல் உடையாத இடங்களில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். சீனியோ வாசனையோ சேர்க்காத ஓட்ஸாக இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் மட்டும் புண் என்றால் உப்புத் தண்ணீர் நல்லது. அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நன்றாக ஆற விடுங்கள். சுத்தமான பருத்தித் துணியை அதில் நனைத்துப் புண்ணின்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு வேறு துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை இப்படிச் செய்யலாம். உப்பைக் கூடப் போட்டால் கூடச் சுகம் வராது, எரிவுதான் வரும்.

இந்த முறை எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. மருந்து இல்லாத நாட்களில், பங்கர் வாசலிலும் தறப்பாள் கொட்டிலிலும் கொதித்தாறிய உப்புத் தண்ணீரும் அவித்த சேலைத் துண்டும் கொண்டு மனிதர்களின் காயங்களைக் கழுவிய கைகள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. அதே நிதானம் நாய்க்கும் போதும்.

ஈரப்புண்ணைச் சுற்றி ஒட்டிய உரோமத்தை நாய் விடுகிறது என்றால் மட்டும் வெட்டுங்கள். தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையில் சீப்பு ஒன்றை வைத்து வெட்டினால் தோல் வெட்டுப்படாது. புண்ணை இறுக்கிக் கட்டக் கூடாது. காற்றுப் பட்டால்தான் காயும். ஆனால் இலையான் மொய்க்க விட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வைத்துவிடும். நாயை நுளம்பு வலைக்குள் படுக்க விடுவது எளிய வழி. ஏற்கெனவே புழு தெரிந்தால் அது வீட்டில் பார்க்கிற வேலை அல்ல. மறுநாள் வரை வைத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

நக்குவதைத் தடுத்தல்

தண்ணீரால் கிடைத்த சுகத்தை நாயின் நாக்கு ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடும். நக்கினால் காயம் ஆறும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையில் வாயின் ஈரமும் கிருமியும் கரகரப்பான நாக்கும் புண்ணைப் பெருப்பிக்கும்.

உடம்பில் புண் என்றால் பழைய பருத்தி ரீசேட் ஒன்றைப் போட்டுவிடலாம். கழுத்துப் பக்கம் தலையும், கை வழியே முன்னங்கால்களும் வர வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் தொங்குகிறதை ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காலிலோ வாலடியிலோ புண் என்றால் கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி ஒன்று வேண்டும். தடித்த காட்போட்டை வெட்டிச் செய்யலாம். அல்லது பிளாஸ்ரிக் வாளியின் அடியைத் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி சுற்றிக் கழுத்துப் பட்டியோடு கட்டலாம். கழுத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். நாய் இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு நேரம் கழற்றிப் பக்கத்தில் நில்லுங்கள்.

பூசக் கூடாதவை

பழைய எஞ்சின் ஒயில். சொறிநாய்க்குக் கழிவு ஒயில் பூசுவது எங்கள் ஊர்களில் இன்றும் நடக்கிறது. பூச்சி மூச்சுமுட்டிச் சாகும் என்பது நம்பிக்கை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் தன் நாய்க்கு அப்படிப் பூசினார். அது இரண்டு நாள் நக்கி நக்கிச் சாப்பாட்டை விட்டது. கடைசியில் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சொறியைப் பார்ப்பதற்கு முன்னர் உடம்பிலிருந்து ஒயிலை எடுப்பதே முதல் வேலையாகப் போனது. கழிவு ஒயிலில் உலோகங்களும் நச்சுப் பொருட்களும் இருக்கின்றன. தோல் வழியாகவும் நக்குவதாலும் அவை உள்ளே போகும்.

மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர். இவை தோலை எரிக்கும். நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரும்.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிநாசினி. தெள்ளும் உண்ணியும் சாகும் என்று தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். அவற்றில் பல நரம்பைத் தாக்கும் நஞ்சு. உண்ணியோடு நாயும் சாகும், ஊற்றியவருக்கும் ஆபத்து.

டெட்டோல் போன்ற கிருமி கொல்லிகள், ஸ்பிரிட், கற்பூரம் சேர்ந்த தைலங்கள், தேயிலை மர எண்ணெய். உடைந்த தோலில் இவை எரியும், நக்கினால் நஞ்சாகும்.

மனிதருக்கான களிம்புகள். நாகம் சேர்ந்த வெள்ளைக் களிம்பையும் கலமைனையும் நாய் நக்கி விழுங்கினால் தீங்கு. ஸ்ரீரொயிட் களிம்பு அரிப்பை ஒரு நாள் மறைக்கும். பங்கசோ சொறியோ கீழே இருந்தால் அதை வளர்த்துவிடும்.

மஞ்சளும் வேப்பிலையும் பற்றிப் பலர் கேட்பார்கள். எண்ணெயில் குழைத்த மஞ்சள் புண்ணை மூடி, அதன் நிறத்தை மாற்றி, வைத்தியர் பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டி வந்தாலும் எண்ணெய்ப் பூச்சு இடைஞ்சல். வைத்தியரிடம் போகும்வரை எதையும் பூசாமல் விடுவதே நல்லது.

குளிசை கொடுக்கலாமா?

பனடோல், புரூபன், டைக்குளோபெனக் எதையும் கொடுக்க வேண்டாம். புரூபனும் டைக்குளோபெனக்கும் நாயின் வயிற்றில் புண்ணை ஏற்படுத்தும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பனடோல் அளவு கூடினால் நாயின் ஈரலைத் தாக்கும். பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும்.

ஒவ்வாமைக்கு நாங்கள் போடுகிற குளோர்பெனிரமைன் குளிசையை மிருக வைத்தியர்களும் நாய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. வலிப்பு உள்ள நாய், சினைப்பட்ட நாய், குட்டி என்றால் கணக்கே வேறு. ஆகவே தொலைபேசியில் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். தடிமனுக்கு விற்கும் கலவைக் குளிசைகளில் இதே மருந்தோடு பனடோலும் வேறு மருந்துகளும் சேர்ந்திருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசியும் அப்படித்தான். மாட்டின் நிறைக்கென்று செறிவாகச் செய்யப்பட்ட மருந்தை நாய்க்குக் குத்துமதிப்பாக அளக்க முடியாது.

எங்கள் பகுதியில் அடிக்கடி காணும் காரணங்கள்

மயிர்க்கொட்டி. மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் கூட்டமாக இருக்கும். ஒரு மாரியில் எங்கள் கறுப்பி அதை முகர்ந்துவிட்டு, மூஞ்சியை மணலில் தேய்த்துத் தேய்த்து ஓடியது. தேய்க்கும்தோறும் மயிர் உள்ளே ஏறும். தலையைப் பிடித்துக்கொண்டு, ஒட்டும் ரேப்பை மெல்ல ஒற்றி ஒற்றி மயிரை எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றினோம். வாய்க்குள்ளோ கண்ணிலோ பட்டால் தண்ணீரால் அலசிவிட்டு அன்றே கொண்டுபோக வேண்டும்.

குளவி, தேனீ, முசுறு, மட்டத்தேள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும். நகத்தாலோ கடதாசி மட்டையாலோ உடனே வழித்து எடுங்கள். பிறகு குளிர்ந்த துணி. முசுறு கால்விரல் இடுக்கிலும் காதிலும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

பார்த்தீனியம். இந்தியப் படை இங்கே இருந்த 1987–1990 காலத்தில் ஆடுகளோடு வந்த செடி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. போரால் கைவிடப்பட்ட காணிகளில் தடையில்லாமல் பரவியது. இது மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் தோல் ஒவ்வாமையைத் தரும். நாய் இதற்குள் புரண்டு வந்தால் வயிறும் பாதமும் சிவக்கலாம். நல்ல தண்ணீரால் கழுவுங்கள். செடியைப் பிடுங்கும்போது கையுறை போடுங்கள். பூக்கும் முன்னரே பிடுங்க வேண்டும்.

பூச்சிநாசினி, களைநாசினி, சுண்ணாம்பு. மருந்தடித்த தோட்டத்துக்குள் ஓடி வந்த நாய் தன் பாதத்தை நக்கவே விடக் கூடாது. கையில் கையுறையோ சொப்பிங் பையோ போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவுங்கள். நீற்றாத சுண்ணாம்புத் தூள் என்றால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். மருந்துப் போத்தலின் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி. தோலுக்கு மிகக் கிட்டப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்து எடுக்க வேண்டும். நெருப்பு வைப்பதோ விரலால் நசுக்குவதோ கூடாது. உண்ணி எடுத்த நாய் பிறகு சோர்ந்து, காய்ச்சலாகி, முரசு வெளிறினால் அல்லது சிறுநீர் கறுத்தால், அது உண்ணி பரப்பும் இரத்த நோயாக இருக்கலாம். தோலில் அரிப்பு நின்றுவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்.

தெள்ளு. ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். நாயில் காணும் தெள்ளு கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூடும் நாய் படுக்கிற சாக்கிலும் மணலிலும் விறாந்தை வெடிப்பிலும் இருக்கின்றன. சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடுங்கள். படுக்கும் இடத்தை நாளாந்தம் கூட்டுங்கள். கூட்டுக்குள் இருக்கும் பருவத்தில் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியது. ஒருநாள் சுத்தம் போதாது.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

நாய்க்குச் சொறி வந்த அதே காலத்தில் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகளோடு அரிப்பு வந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். நாயின் தொற்றுச் சொறிப்பூச்சி மனிதத் தோலில் நிலைத்து வாழாது, ஆனால் சில வாரங்கள் தொந்தரவு தரும். பிள்ளைகளை வைத்தியசாலையில் காட்டுங்கள். நாய்க்கு வைத்தியம் செய்யாமல் பிள்ளைக்கு மட்டும் மருந்து எடுத்தால் அரிப்பு திரும்ப வரும். எல்லாச் சொறியும் தொற்றாது. எது தொற்றும், எது தொற்றாது என்பதைத் தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். நாய்க்குத் தெள்ளு, உண்ணிக்காகப் போடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது. மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது

பிரதேச செயலர் பிரிவுகளில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அங்குள்ள வைத்தியர் மாடு, ஆடு, கோழி வேலையாக வெளிக்களத்துக்குப் போயிருப்பது வழமை. ஆகவே ஓட்டோவுக்குக் காசு கொடுக்கும் முன்னர் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அலுவலக இலக்கத்தை இன்றே எடுத்துச் சுவரில் எழுதி வைத்தால் இரவில் தேட வேண்டியிருக்காது. கிட்ட உள்ள தனியார் மிருக வைத்தியரின் இலக்கத்தையும் அதன் கீழே எழுதுங்கள்.

அரிப்புத் தொடங்கியவுடன், தண்ணீர் ஊற்றும் முன்னரே, கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுங்கள். தடிப்பும் வீக்கமும் போகும் வழியிலேயே வற்றிவிடலாம். பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு துண்டுக் கடதாசியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எங்கே சொறிந்தது, அன்று என்ன சாப்பிட்டது, எங்கே போய் வந்தது, கடைசியாகப் போட்ட தடுப்பூசியும் மருந்தும், நாயின் நிறை, நீங்கள் என்ன ஊற்றினீர்கள், என்ன கொடுத்தீர்கள். நிறை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். வைத்தியர் வேற்று மொழி பேசுபவர் என்றால் இந்தத் துண்டும் படமும் இன்னும் கூடுதலாக உதவும்.

வீட்டில் யாராவது ஒயிலோ மண்ணெண்ணெயோ பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று மறைத்தால், அதற்குப் பொருந்தாத மருந்து கொடுக்கப்பட்டு நாய்தான் பாதிக்கப்படும்.

கடைசியாக ஒன்று. தண்ணீரும் உப்பும் ரீசேட்டும் நன்றாக வேலை செய்தால் நாய் அன்றிரவே நித்திரை கொள்ளும். விடிய எழும்பி வாலை ஆட்டிக்கொண்டு படலைக்கு ஓடும். அதைப் பார்த்ததும் பயணத்தைத் தள்ளிப்போடத் தோன்றும், ஓட்டோக் காசும் மிச்சம் என்று தோன்றும். தடிப்பு மட்டும் வந்து, ஒரு நாளுக்குள் முற்றாக வற்றி, நாய் சாப்பிட்டுத் திரிந்தால் தொலைபேசியில் வைத்தியரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது போதும். ஆனால் புண் இருந்தால், உரோமம் கொட்டினால், இரண்டாம் நாளும் சொறிந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். அரிப்பைத்தான் நாங்கள் ஆற்றியிருக்கிறோம். அதைக் கொண்டுவந்த தெள்ளோ சொறிப்பூச்சியோ பங்கசோ அந்த உடம்பிலும் எங்கள் விறாந்தையிலும் அப்படியே இருக்கும்.